பிரெய்ரியில் ஒரு பூவுக்குப் பெயர் காண்பது: தாவரத் திறவுகோலைப் பயன்படுத்தும் முறை

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபிளின்ட் ஹில்ஸ் என்று ஒரு குன்றுப் பகுதி இருக்கிறது. மேல்மண் மெல்லியது, அதற்கடியில் சுண்ணாம்புக் கல்லும் சக்கிமுக்கிக் கல்லும். கலப்பை இறங்காத நிலம் என்பதாலேயே அது உழவுக்குத் தப்பியது. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் 17 கோடி ஏக்கரில் பரந்து கிடந்த உயர்புல் பிரெய்ரி என்னும் இயற்கைப் புல்வெளியில் இன்று 4 சதவீதத்துக்கும் குறைவே மிச்சம். அதில் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில்தான் இருக்கிறது.

ஜூன் மாதத்தில் அங்கே நடந்தால், புல்லுக்கு நடுவே ஒரு பூ அடிக்கடி கண்ணில் படும். நடுவில் கரும்பழுப்பும் ஆரஞ்சும் கலந்த முரட்டுக் கூம்பு. அதைச் சுற்றி வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் கீழ்நோக்கி வளைந்த இதழ்கள் போன்றவை. கூம்புப்பூ என்ற அளவில் பெயர் சொல்வது எளிது. எந்தக் கூம்புப்பூ என்று சொல்வதற்குத்தான் திறவுகோல், அதாவது படிப்படியாகக் கேள்வி கேட்டுச் செடியின் பெயருக்கு அழைத்துப்போகும் பட்டியல், தேவைப்படுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிச் செடி எனக்குத் தெரியவில்லை. பூ பெரியது, உறுப்புகளைக் கண்ணாலேயே பார்க்கலாம், குழப்பம் வரும் இடங்களும் தெளிவாகத் தெரிந்தவை.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். திறவுகோலில் தடுமாறும் பெரும்பாலானோர் நூலைப் படிப்பதில் தடுமாறுவதில்லை. செடியருகே இருந்தபோது பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வந்துவிட்டதால்தான் தடுமாறுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் நூலைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் கோடுகள் உள்ள சிறு அளவுகோல், குறிப்பேடு, பென்சில், கைப்பேசி. இவ்வளவு போதும். கைலென்ஸைப் பூவின் மேல் பிடித்து எட்ட நின்று பார்க்காதீர்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பூவை மெல்ல லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். அல்லது குனிந்து நீங்களே பூவிடம் போக வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மயிரும் மகரந்தமும் தெளிவாகத் தெரியத் தொடங்கிவிடும்.

முழுக்கால் சட்டை அணிந்து, அதன் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஜூன் மாதப் புல்லில் உண்ணிகள் அதிகம். ஸ்ட்ராங் சிட்டி ஊருக்கு அருகே 1996-இல் அமைக்கப்பட்ட உயர்புல் பிரெய்ரி தேசியக் காப்பகம் இருக்கிறது. அங்கே செடி பறிக்க அனுமதி இல்லை. காட்டெருமைகள் மேயும் பகுதியும் உண்டு. அவற்றிடமிருந்து 100 கஜமாவது தள்ளியே நில்லுங்கள். காப்பகத்துக்கு வெளியே இந்தக் குன்றுகளில் பெரும்பாலானவை தனியார் மேய்ச்சல் நிலங்கள். வேலிக்குள் போக உரிமையாளரிடம் கேட்டாக வேண்டும்.

எங்கே இருந்தாலும் வேரைத் தோண்ட வேண்டாம். சமவெளிப் பழங்குடி மக்கள் பல் வலிக்கும் பாம்புக்கடிக்கும் பயன்படுத்திய வேர் இது. பிறகு மூலிகைச் சந்தைக்காகக் காட்டிலிருந்தே மூட்டை மூட்டையாகத் தோண்டப்பட்டது. பெயர் தெரிந்துகொள்வதற்காக ஒரு செடியைக் கொல்வதை என்னால் ஏற்க முடியாது. வேரைப் பார்க்காமலேயே இந்தச் செடியை இனங்காணலாம். வழியைக் கீழே சொல்கிறேன்.

செடியருகே: எழுதிவிட்டுத்தான் எழ வேண்டும்

முதலில் ஒரே செடியை உற்றுப் பார்க்காதீர்கள். சுற்றி நடந்து, அதே வகையைச் சேர்ந்த நான்கைந்து செடிகளைப் பாருங்கள். கால்நடை கடித்தது, பூச்சி அரித்தது, நிழலில் வெளிறியது என்று ஒவ்வொரு செடிக்கும் ஒரு கதை இருக்கும். திறவுகோல் பேசுவது அந்த இனத்தின் வழக்கமான தோற்றத்தைப் பற்றி. பல செடிகளைப் பார்த்தால்தான் அந்த வழக்கம் பிடிபடும்.

அடுத்து இடத்தைக் குறியுங்கள். மாவட்டம், தேதி, மேடா பள்ளமா, கல் நிலமா ஈர நிலமா, மரநிழலா வெட்டவெளியா. இது பிறகு சரிபார்க்கும்போது பெரிதும் உதவும்.

பிறகு செடியைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். கண் பூவை நோக்கித்தான் இழுக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இந்தச் செடியில் அடியில் உள்ள இலைகள் மிக முக்கியமானவை. அவை புல்லுக்குள் மறைந்திருக்கும், விலக்கித்தான் பார்க்க வேண்டும். இலையின் நீளம், அகலம் இரண்டையும் அளந்து எழுதுங்கள். 'ஒடுங்கிய இலை' என்று மட்டும் எழுதினால் வீட்டுக்குப் போனதும் அதற்குப் பொருள் இருக்காது. '18 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம்' என்பது பத்து வருடம் கழித்தும் பேசும். விளிம்பில் பற்கள் உண்டா, அடிப்பகுதி காம்பை நோக்கிச் சரிகிறதா அல்லது வட்டமாக நிற்கிறதா, நீளவாட்டில் எத்தனை நரம்புகள் ஓடுகின்றன என்று பாருங்கள். தண்டில் மேல் இலைகள் மாறி மாறி இருக்கின்றனவா, எதிரெதிராகவா என்பதையும் குறியுங்கள்.

தண்டை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் லென்ஸை எடுத்து, மயிர்கள் தண்டிலிருந்து விலகி நிற்கின்றனவா, தண்டோடு படிந்து கிடக்கின்றனவா என்று கவனியுங்கள். படத்தில் பெரும்பாலும் பதியாத விவரம் இது.

கடைசியாகப் பூ. இதழ் போலத் தொங்குபவற்றில் ஐந்தாறை மூன்று வெவ்வேறு பூக்களில் அளக்க வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் சேர்த்து. பிறகு மகரந்தத்தின் நிறம். கூம்பில் பூக்கள் வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கித் திறந்துகொண்டே போகும். அந்தந்த நாளில் திறந்தவை ஒரு வளையமாக மகரந்தத்தோடு தெரியும். அந்த வளையம் கூம்பின் பாதி உயரத்தில் இருக்கும் பூவைத் தேர்ந்தெடுங்கள். விரல் நுனியால் மெல்லத் தொட்டு, ஒட்டிய தூளைக் கறுப்புத் துணி மீதோ குறிப்பேட்டின் கரிய அட்டை மீதோ தடவினால் வெள்ளையா மஞ்சளா என்று ஐயமில்லாமல் தெரியும். மழைக்குப் பிறகும், தேனீக்கள் மொய்த்து முடித்த பூவிலும் இது சரிவராது. வேறு பூவைத் தேடுங்கள்.

படம் எடுப்பதானால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பூவின் அடிப்பக்கம் ஒன்று, அடியிலைகள் ஒன்று, முழுச் செடி ஒன்று. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

திறவுகோல் இயங்கும் விதம்

ஒவ்வொரு படியிலும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கூற்றுகள் இருக்கும். உங்கள் செடிக்குப் பொருந்தும் கூற்றைத் தேர்ந்தால், அது அடுத்த எண்ணுக்கு அனுப்பும் அல்லது ஒரு பெயரில் முடியும். 1778-இல் பிரெஞ்சு நாட்டுத் தாவரங்களுக்காக லாமார்க் இம்முறையை அமைத்துத் தந்தார். இன்றும் பெரும்பாலான தாவர நூல்கள் இதே எலும்புக்கூட்டின் மேல்தான் நிற்கின்றன.

முதல் விதி: இரண்டு கூற்றுகளையும் முழுதாகப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள். முதல் கூற்றின் முதல் பாதி பொருந்தியதும் தாவிவிடுவதுதான் புதியவர்களின் வழக்கமான வழுக்கல். இரண்டாம் கூற்று இன்னும் நன்றாகப் பொருந்தலாம்.

'பெரும்பாலும்', 'அரிதாக', 'அல்லது' போன்ற சொற்களை விழுங்கிவிடாதீர்கள். 'பால் வடியும் செடி' என்று ஒரு கூற்று இருக்கலாம். எருக்கின் உறவான பால்களைச் செடிகளில் பலவும் இதே பிரெய்ரியில் உண்டு. கிள்ளினால் பால் வடியும். ஆனால் ஆரஞ்சு நிறப் பூவோடு நிற்கும் அஸ்க்ளீபியஸ் டியூபரோசா அதே பேரினம்தான் என்றாலும் அதில் வெண்பால் வராது. நல்ல நூல்களில் அந்த விதிவிலக்கு ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருக்கும்.

அளவுகளில் '(1–)5–12 செ.மீ.' என்று எழுதியிருந்தால், வழக்கமாக 5 முதல் 12 வரை, அபூர்வமாக 1 வரை குறையும் என்று பொருள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணில் உங்கள் செடி விழுந்தால் சந்தேகத்தோடேயே நகருங்கள்.

எந்த நூல் என்று கேட்டால், இடத்துக்கு ஏற்ற நூல் என்பதே என் பதில். கான்சாஸ் செடிக்குப் பெருஞ்சமவெளிகளின் தாவரங்களைச் சொல்லும் 1986-ஆம் ஆண்டு நூல் பொருத்தமானது. வட அமெரிக்கா முழுமைக்குமான பெருந்தொகுப்பை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் கண்டம் முழுமைக்குமான திறவுகோலில் உங்களுக்குத் தேவையில்லாத இனங்களும் வழியில் நிற்கும். சிறிய நிலப்பரப்பின் திறவுகோல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

குடும்பம்: இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள்

குடும்பத் திறவுகோல் முதலில் இதழ்களின் எண்ணிக்கையைக் கேட்கும். பதினைந்து இதழ்கள், நடுவில் ஏராளமான மகரந்தத் தாள்கள் என்று பதில் சொன்னால் உங்கள் பயணம் அங்கேயே முடிந்தது. சம்பந்தமே இல்லாத குடும்பங்களுக்குள் போய்ச் சேர்வீர்கள்.

சூரியகாந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வட அமெரிக்காவின் பூர்வீகச் செடி, கான்சாஸின் மாநில மலரும் அதுவே. அங்கே நாம் பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறுமலர்களின் கூட்டம். விதைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிறுமலரிலிருந்து வந்தவை. கூம்புப்பூவும் அப்படித்தான். தொங்கும் இளஞ்சிவப்பு இதழ் ஒவ்வொன்றும் தனியொரு கதிர்ச் சிறுமலர். இந்தப் பேரினத்தில் அவை வழக்கமாக மலடு, விதை பிடிப்பதில்லை. நடுக்கூம்பில் நெருக்கி நிற்பவை வட்டுச் சிறுமலர்கள். அவற்றில்தான் மகரந்தமும் சூற்பையும். பூவின் அடியில் பச்சையாக இருப்பவை புல்லி இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள்.

சந்தேகம் இருந்தால் வட்டுச் சிறுமலர் ஒன்றை லென்ஸில் பாருங்கள். குழல் வடிவம், நுனியில் ஐந்து பல், நடுவில் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாக நிற்கும், அதன் ஊடே சூல்தண்டு எழும்பி வரும். சூற்பை இதழ்க் குழலுக்குக் கீழே. இவை சேர்ந்து தெரிந்தால் சூரியகாந்திக் குடும்பம், அதாவது அஸ்டரேசியே. பழைய நூல்களில் இதையே கம்பாசிட்டே என்று அச்சிட்டிருப்பார்கள். வேறு குடும்பம் என்று மலைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் வெட்டுக்காயப் பூண்டை எடுத்து இதே உறுப்புகளைப் பார்த்துப் பழகலாம். அதே குடும்பம், எந்தச் சாலையோரத்திலும் கிடைக்கும்.

பேரினம்

இந்தக் குடும்பத்தின் திறவுகோல் நீளமானது, ஆனால் கேள்விகள் சிலவே திரும்பத் திரும்ப வரும். கதிர்களும் வட்டும் இரண்டுமே உண்டா? உண்டு. கதிர் மஞ்சளா? இல்லை. சிறுமலர்களுக்கு இடையே செதில்கள் உண்டா? இதைப் பார்க்கக் கூம்பின் மேல் உள்ளங்கையை வையுங்கள். குத்தும். வட்டுச் சிறுமலர்களைவிட நீண்டு, விறைத்து, கூர்மையாக நிற்கும் அந்த இடைச்செதில்கள்தான் எக்கினேசியா என்ற பேரினத்தின் முத்திரை.

அதே பிரெய்ரியில் கூம்போடு நிற்கும் வேறு இரண்டு பேரினங்கள் உண்டு. ருட்பெக்கியாவின் கதிர்கள் பெரும்பாலும் மஞ்சள், கூம்பு தொட்டால் குத்தாது. ராடிபிடாவிலும் மஞ்சள் கதிர்கள்தான், ஆனால் இலை ஆழமாகப் பிளந்திருக்கும்.

சிற்றினம்

எக்கினேசியாவில் வட அமெரிக்கப் பெருந்தொகுப்பு 9 இனங்களைக் கணக்கிடுகிறது. பயிற்சிக்காக ஐந்தை மட்டும் எடுத்து ஒரு சுருக்கமான திறவுகோலை இங்கே எழுதியிருக்கிறேன்.

1அ. அடியிலைகள் அகன்றவை, முட்டை வடிவை நெருங்குபவை, விளிம்பில் வழக்கமாகப் பற்கள் உண்டு. நார்வேர் — எக்கினேசியா பர்பூரியா
1ஆ. அடியிலைகள் ஒடுங்கி நீண்டவை, விளிம்பில் வழக்கமாகப் பற்கள் இல்லை. ஆணிவேர் — 2

2அ. கதிர்கள் மஞ்சள் — எக்கினேசியா பாரடாக்ஸா
2ஆ. கதிர்கள் இளஞ்சிவப்பு, ஊதா அல்லது வெண்மை — 3

3அ. கதிர்கள் 1.5–4 செ.மீ. நீளம், 5–8 மி.மீ. அகலம் — எக்கினேசியா அங்குஸ்டிஃபோலியா
3ஆ. கதிர்கள் 4–9 செ.மீ. நீளம், 3–4 மி.மீ. அகலம், நன்றாகத் தொங்குபவை — 4

4அ. மகரந்தம் வழக்கமாக வெள்ளை — எக்கினேசியா பாலிடா
4ஆ. மகரந்தம் மஞ்சள் — எக்கினேசியா சிமுலேட்டா

நம் ஃபிளின்ட் ஹில்ஸ் செடியை இதில் ஓட்டிப் பார்ப்போம். அடியிலை 18 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், பல் இல்லை: 1ஆ. வேரைத் தோண்டவில்லை, தேவையும் படவில்லை. கதிர் இளஞ்சிவப்பு: 2ஆ. கதிர்கள் 2.5 முதல் 3.2 செ.மீ. நீளம், 6 மி.மீ. அகலம்: 3அ. எக்கினேசியா அங்குஸ்டிஃபோலியா. டெக்சஸிலிருந்து கனடாவின் சஸ்காச்சுவான் வரை நீளும் சமவெளிகளின் செடி இது.

மூன்றாம் படியில் கதிர் தொங்குகிறதா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வயதான பூவில் அங்குஸ்டிஃபோலியாவின் கதிர்களும் தொங்கிவிடும். அளவுகோல் சொல்வதையே நம்புங்கள்; நீளத்தைவிட, நீளத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பார்ப்பது பாதுகாப்பு.

நான்காம் படிக்குப் பின்னால் அழகான ஒரு செய்தி இருக்கிறது. பாலிடாவும் சிமுலேட்டாவும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்று. கான்சாஸ் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ரொனால்ட் மெக்ரெகர் 1968-இல்தான் சிமுலேட்டாவைத் தனி இனமாகப் பிரித்துப் பெயரிட்டார். பாலிடாவின் செல்களில் குரோமோசோம்கள் இரட்டிப்பானவை, சிமுலேட்டாவில் அப்படியில்லை. அந்த வேறுபாட்டைப் புல்வெளியில் நின்று பார்க்க வழியில்லை, ஆனால் விரல் நுனியில் ஒட்டும் வெள்ளைத் தூளும் மஞ்சள் தூளும் அதையே காட்டிக்கொடுக்கின்றன. அதனால்தான் மகரந்தத்தின் நிறத்தைக் குறிக்காமல் எழுந்து வராதீர்கள் என்று மேலே வற்புறுத்தினேன்.

இந்தச் சுருக்கத் திறவுகோலை மட்டும் வைத்து கிழக்குக் கான்சாஸில் உறுதியாகப் பெயர் சொல்லிவிட வேண்டாம். அங்கே எக்கினேசியா அட்ரோரூபென்ஸ் என்ற இன்னொன்றும் உண்டு. அடர் ஊதாக் கதிர்கள் தண்டை ஒட்டி மடங்கி நிற்கும். அங்குஸ்டிஃபோலியாவின் தண்டு மயிர்கள் விறைத்து விலகி நிற்க, இதில் படிந்திருக்கும் அல்லது மயிரே இருக்காது. தண்டைத் தடவி எழுதிய குறிப்பு இங்கே கைகொடுக்கும்.

முட்டிக்கொண்டால்

திறவுகோல் கேட்பது உங்களிடம் இல்லாமல் போகும். பூக்காலத்தில் விதையைக் கேட்கும், தோண்டாத வேரைக் கேட்கும். அப்போது ஊகித்து ஒரு பக்கம் போகாமல் இரண்டு கிளையிலும் நடந்து பாருங்கள். எந்தப் படியில் பிரிந்தீர்கள் என்று குறித்துக்கொண்டால் போதும். ஒரு கிளை விரைவிலேயே உங்கள் செடிக்கு ஒவ்வாத இலையையோ நிறத்தையோ கேட்டு அடைபடும்.

இரண்டு கிளையும் அடைபட்டால் மேலே ஏறி, தயங்கித் தேர்ந்த படிக்குத் திரும்புங்கள். அதற்காகவே ஒவ்வொரு படி எண்ணுக்கும் பக்கத்தில் 'உறுதி' அல்லது 'ஐயம்' என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். எல்லாம் உறுதியாக இருந்தும் பெயர் பொருந்தவில்லையென்றால் கலப்பினமாக இருக்கலாம். எக்கினேசியா இனங்கள் பரவல் சந்திக்கும் இடங்களில் ஒன்றோடொன்று கலக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட செடியை இடைப்பட்டது என்றே எழுதி வைப்பதுதான் நேர்மை.

பெயர் வந்த பிறகு

திறவுகோல் தருவது ஓர் ஊகம். அதை அதே நூலில் உள்ள முழு விவரணையோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். திறவுகோல் கேட்காத உயரம், பூக்கும் மாதம், நரம்புகளின் எண்ணிக்கை எல்லாம் அங்கே இருக்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரத் தரவுத்தளத்தில் அந்த இனம் உங்கள் மாவட்டத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல உலர்தாவரக் காப்பகங்கள் தங்கள் மாதிரிகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. அடையாளம் உறுதியான மாதிரிகளோடு உங்கள் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மிகப் பயனுள்ளது.

சாலையோரத்திலும் புதிதாக மீட்டெடுக்கப்பட்ட பிரெய்ரியிலும் இருப்பிடச் சான்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடியுங்கள். அங்கே தூவப்பட்ட விதைக்கலவை வேறு மாநிலத்திலிருந்து வந்திருக்கலாம். குறிப்பாகப் பர்பூரியா உலகெங்கும் தோட்டச் செடி.

கைப்பேசிச் செயலிகளை ஒதுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் வரிசை முக்கியம். நீங்கள் திறவுகோலில் ஒரு முடிவுக்கு வந்த பிறகு செயலியைக் கேளுங்கள். முதலிலேயே அது சொன்ன பெயர் மனத்தில் பதிந்துவிட்டால், ஒவ்வொரு படியிலும் அந்தப் பெயருக்கு ஏற்ற பதிலையே கண் தேடும்.

இரண்டு நூல்கள் இரண்டு பெயர் சொன்னால் கலங்காதீர்கள். மெக்ரெகரின் வழியில் போகும் நூல்களில் நம் செடி எக்கினேசியா அங்குஸ்டிஃபோலியா என்ற தனி இனம். பின்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட மறுஆய்வில் பேரினம் 4 இனங்களாகச் சுருக்கப்பட்டது. அதன்படி நம் செடி எக்கினேசியா பாலிடாவின் ஒரு வகை. செடி ஒன்றுதான், கோடு கிழித்த இடம்தான் வேறு. ஆகவே குறிப்பேட்டில் பெயரை எழுதும்போது எந்த நூலின், எந்த ஆண்டுப் பதிப்பின் திறவுகோலில் அந்தப் பெயரை அடைந்தீர்கள் என்பதையும், கடந்து வந்த படி எண்களையும் சேர்த்து எழுதுங்கள்: '1ஆ, 2ஆ, 3அ, மூன்றும் உறுதி, மகரந்தம் மஞ்சள், தண்டு மயிர் விலகியது.' நாளைக்கு வேறொருவர் அந்தப் பெயரை மறுக்க நினைத்தால், எந்தப் படியில் மறுக்கிறார் என்று அவரால் சுட்டிக்காட்ட முடியும்.